டிரங்க் ரேடியோவை ஸ்கேனரில் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண ஒற்றை அதிர்வெண் ரேடியோக்களை ஸ்கேனரில் கேட்டுப் பழகி, டிரங்க் அமைப்பு வந்ததும் திகைத்து நிற்பவர்களுக்கான பக்கம் இது. அதிர்வெண், ஸ்குவெல்ச், ரிப்பீட்டர் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

டிரங்கிங் என்பது உண்மையில் என்ன?

ஐந்து கவுண்டர் உள்ள ஒரு வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டருக்கு ஒரு வரிசை என்று வைத்தால், ஓரிடத்தில் இருபது பேர் காத்துக்கிடக்கும்போது பக்கத்துக் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, எது காலியாகிறதோ அதற்குப் போனால் இந்த வீண் இல்லை. டிரங்க் ரேடியோ இரண்டாவது வகை.

காவல், தீயணைப்பு, துப்புரவு, பேருந்து என்று துறைக்கு ஓர் அதிர்வெண் கொடுக்காமல், பத்துப் பதினைந்து அதிர்வெண்களை எல்லோருக்கும் பொதுவில் வைக்கிறார்கள். ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியதும் அவருடைய ரேடியோ ஒரு கோரிக்கை அனுப்புகிறது. மையக் கணினி காலியாக உள்ள ஒரு குரல் சேனலை ஒதுக்குகிறது. ‘இந்தக் குழு இனி இந்தச் சேனலுக்குப் போகட்டும்’ என்ற அறிவிப்பு, இதற்கென்றே ஒதுக்கிய கன்ட்ரோல் சேனலில் போகிறது. அந்தக் குழுவின் ரேடியோக்கள் எல்லாம் நொடிக்குள் அங்கே தாவுகின்றன. அந்தக் குழுவுக்குத்தான் டாக்குரூப் என்று பெயர். அதற்கு ஓர் எண் உண்டு. பேசி முடித்ததும் சேனல் பொதுக் குவியலுக்குத் திரும்பிவிடும்.

எல்லா அதிர்வெண்ணையும் சாதாரண ஸ்கேனரில் போட்டுவிட்டால் போதாதா?

அனலாக் அமைப்பானால் பேச்சு கேட்கும். ஆனால் கேள்வி ஓரிடத்திலும் பதில் இன்னோரிடத்திலும் இருக்கும். தீயணைப்பு வீரர் ஒருவர் ‘இரண்டாவது மாடியில் இருக்கிறோம்’ என்பார். அடுத்து உங்கள் காதில் விழுவது குடிநீர்க் குழாய் உடைந்த கதை. போதாக்குறைக்கு, கன்ட்ரோல் சேனல் இடைவிடாமல் ஒலிபரப்பாவதால் ஸ்கேனர் அதில் போய் நின்றுகொண்டு கரகரவென்று இரையும். அதை லாக்அவுட் செய்தால் (தாண்டிப்போகச் சொன்னால்) தொல்லை தீரும், டிரங்கிங் புரியாது.

டிரங்க் ஸ்கேனர் கன்ட்ரோல் சேனலைப் படித்து, டாக்குரூப் எண்ணைப் பின்தொடர்கிறது. இதைச் செய்த முதல் கையடக்க ஸ்கேனர் 1997-இல் வந்த யுனிடென் பிசி235எக்ஸ்எல்டி. அதற்குமுன் இது பொழுதுபோக்காளர்களுக்குக் கனவுதான்.

எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வியே தலைகீழ். முதலில் உங்கள் பகுதியில் எந்த வகை அமைப்பு ஓடுகிறது என்று பாருங்கள், பிறகு கருவி. விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டு, ஊரில் ஓடுவது டெட்ரா என்ற டிஜிட்டல் அமைப்பு என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு. கைக்கடக்கமான நுகர்வோர் ஸ்கேனர்களில் டெட்ராவைப் பின்தொடரும் வசதி பொதுவாக இருப்பதில்லை.

வாங்குமுன் நான்கு விவரம் தேவை: அமைப்பின் வகை, குரல் அனலாக்கா டிஜிட்டலா, என்கிரிப்ஷன் (மறையாக்கம்) உண்டா, ஒரே அதிர்வெண்ணில் பல கோபுரங்கள் பேசும் சைமல்காஸ்ட் முறையா. நான்காவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

மோட்டோரோலா டைப் 1, டைப் 2: கன்ட்ரோல் சேனல் நொடிக்கு 3600 பிட் வேகம். குரல் அனலாக்காகவும் இருக்கலாம், டிஜிட்டலாகவும் இருக்கலாம். டைப் 1 அமைப்புக்கு ‘ஃப்ளீட் மேப்’ என்ற கூடுதல் அட்டவணை தேவை. இப்போது அது அருகிப்போயிற்று.

எடாக்ஸ்: கன்ட்ரோல் சேனல் 9600 பிட், குறுகிய வகையில் 4800. ஸ்கேனரில் சேனல்களின் வரிசை பிசகினால் சரியாக வேலை செய்யாது. இதன் டிஜிட்டல் குரல் வடிவமான புரோவாய்ஸ் பல ஸ்கேனர்களில் வராது.

எல்டிஆர்: வணிக நிறுவனங்கள் பயன்படுத்துவது. தனிக் கன்ட்ரோல் சேனலே கிடையாது. ஒவ்வொரு ரிப்பீட்டரும் பேச்சுக்கு அடியில், காதுக்குக் கேட்காத 300 பிட் தரவை அனுப்புகிறது.

எம்பிடி1327: பிரிட்டனில் 1988-இல் வந்த தரம், பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. 1200 பிட் கன்ட்ரோல், அனலாக் குரல். கேட்க மென்பொருள்தான் எளிது.

பி25: பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்கான டிஜிட்டல் தரம். முதல் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் ஒரு பேச்சு. இரண்டாம் கட்டத்தில் அதே அகலத்தை நேர அடிப்படையில் இரண்டாகப் பிரித்து இரண்டு பேச்சு. கன்ட்ரோல் சேனல் இரண்டிலும் ஒன்றுதான், 9600 பிட். இதனால் ஒரு குழப்பம் வரும்: முதல் கட்டம் மட்டும் தெரிந்த ஸ்கேனர் கன்ட்ரோல் சேனலை அழகாகப் படிக்கும், டாக்குரூப் எண்ணையும் காட்டும், குரல் மட்டும் வராது. கருவி கெட்டுப்போகவில்லை, அதற்கு அந்த வசதி இல்லை.

டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன்: தொழிற்சாலை, வணிக வளாகம், போக்குவரத்து போன்ற இடங்களில் அதிகம். டிஎம்ஆர் 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு நேரத் துண்டு. என்எக்ஸ்டிஎன் 6.25 அல்லது 12.5 கிலோஹெர்ட்ஸ்.

டெட்ரா: 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு நேரத் துண்டு. ஐரோப்பாவில் பல நாடுகளின் அவசர சேவைகள் 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸில் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே குரல் பெரும்பாலும் என்கிரிப்ட் ஆனது.

கேட்பது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலமும். அமெரிக்காவில் மறையாக்கம் இல்லாத பொதுப் பாதுகாப்பு ரேடியோவைக் கேட்பது பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருக்கச் சில மாநிலங்கள் தடை போட்டுள்ளன. பிரிட்டனில் ஸ்கேனர் வைத்திருக்கலாம், உங்களுக்கோ பொதுமக்களுக்கோ அல்லாத செய்தியைக் கேட்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு சில நாடுகளில் உரிமமில்லாமல் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆன்லைனில் ஆர்டர் போடுமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். கேட்க அனுமதி உள்ள இடத்திலும், கேட்டதைப் பரப்பவோ அதை வைத்து ஆதாயம் தேடவோ அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கன்ட்ரோல் சேனலை எப்படிக் கண்டுபிடிப்பது?

உரிமப் பட்டியலிலோ ஆர்வலர் தரவுத்தளத்திலோ அதிர்வெண் கிடைத்தால் வேலை மிச்சம். கிடைக்காவிட்டால், ஸ்கேனரை டிரங்க் முறையிலிருந்து எடுத்துச் சாதாரண எஃப்எம் தேடலில் போடுங்கள். நடு இரவிலும் ஓயாமல் ஒலிக்கும் அதிர்வெண் எதுவோ, அதுதான் கன்ட்ரோல் சேனல். குரல் சேனல்கள் விட்டு விட்டு வரும்.

காதைக் கொஞ்சம் பழக்கினால் வகையையும் சொல்லிவிடலாம். மோட்டோரோலாவின் 3600 பிட் ஒலி கடுமையான, ஒரே சுருதி ரீங்காரம். எடாக்ஸ் அதைவிட மெல்லிய, உயர்ந்த இரைச்சல். பி25 சீரான மோட்டார் இரைச்சலில் ஒரு துடிப்பு கலந்தது போல இருக்கும். டிஎம்ஆர் தடதடவென்று அடிக்கும்.

மோட்டோரோலா, பி25 அமைப்புகளில் கன்ட்ரோல் சேனல் என்றைக்கும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மோட்டோரோலாவில் ஒரு சைட்டுக்கு (கோபுர நிலையத்துக்கு) நான்கு அதிர்வெண்கள் வரை அந்தப் பணிக்கு ஒதுக்கி, பராமரிப்புக்காகவோ குறுக்கீடு வந்தாலோ மாற்றுவார்கள். பட்டியலில் மாற்று என்று குறித்துள்ள அனைத்தையும் போட்டு வையுங்கள்.

புதிய அமைப்பை எந்த வரிசையில் புரோகிராம் செய்வது?

பட்டியலில் உள்ளதையெல்லாம் ஒரே நாளில் ஏற்றிவிட்டுக் கோளாறு எங்கே என்று தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு அமைப்பு, ஒரு சைட், ஒரு கன்ட்ரோல் சேனல். அதோடு தொடங்குங்கள்.

அமைப்பின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு மிக அருகில் உள்ள சைட்டின் கன்ட்ரோல் அதிர்வெண்ணை மட்டும் கொடுங்கள். டாக்குரூப் எதையும் போடாமல், தேடல் நிலையில் வையுங்கள். யுனிடெனில் இதற்கு ‘ஐடி சர்ச்’ என்று பெயர், விஸ்லரில் ‘வைல்ட்கார்ட்’. திரையில் அமைப்பு எண்ணும் சைட் எண்ணும் நிலையாக வருகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். வந்து வந்து போனால் அங்கேயே நில்லுங்கள்: ஆன்டெனாவைத்தான் பார்க்க வேண்டும், புரோகிராமை அல்ல.

அது நிலைத்த பிறகு குரல் வருகிறதா பாருங்கள். ஓரிரு நாள் தேடலில் ஓடவிட்டு, வரும் எண்களைக் குறித்து, பிறகு பெயர் கொடுங்கள். வேண்டாதவற்றை லாக்அவுட் செய்யுங்கள். எல்லாம் சரியான பின்புதான் இரண்டாவது சைட்.

என் பட்டியலில் உள்ள டாக்குரூப் எண் திரையில் வரும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஏன்?

மோட்டோரோலா டைப் 2 என்றால், எண்ணின் கடைசி நான்கு பிட்டுகள் குழுவைக் குறிப்பதில்லை. அழைப்பின் தன்மையைக் குறிக்கின்றன. அதனால்தான் எல்லா டாக்குரூப் எண்ணும் 16-இன் மடங்காக இருக்கிறது. உதாரணமாக 1616 ஒரு குழு. அதே குழுவில் அவசரப் பொத்தானை அழுத்தினால் 1618 என வரும். வேறு குழுவோடு இணைத்து வைத்திருந்தால் 1619. என்கிரிப்ஷனோடு பேசினால் 1624.

ஆக, ஸ்கேனரில் 1616 மட்டும் இருந்தால், கேட்கவேண்டிய அவசர அழைப்பே தவறிப்போகும். இதற்காகவே ஸ்கேனரில் ‘ஸ்டேட்டஸ் பிட்’ என்றொரு செட்டிங் உண்டு. அதைப் ‘புறக்கணி’ என்று வைத்தால் ஸ்கேனர் 1618-ஐயும் 1616 என்றே எடுத்துக்கொள்ளும். என்கிரிப்ட் ஆன 1624-ஐத் தனியாக லாக்அவுட் செய்ய விரும்பினால் மட்டும் அதைப் ‘பார்’ என்று விடுங்கள்.

சில பட்டியல்கள் இதே எண்ணைப் பதினாறடிமானத்தில் மூன்று இலக்கமாகத் தருகின்றன. 065 என்று இருந்தால் தசமத்தில் 101. அதை 16-ஆல் பெருக்கினால் 1616. குழு ஒன்றேதான், எழுதும் முறை வேறு.

எடாக்ஸில் இன்னொரு எழுத்துமுறை: 06-043 என்றால் ஏஜென்சி 6, ஃப்ளீட் 4, சப்ஃப்ளீட் 3. தசமமாக்க 6-ஐ 128-ஆலும் 4-ஐ 8-ஆலும் பெருக்கி, 3-ஐக் கூட்டுங்கள், 803 வரும். பி25-இல் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 1 முதல் 65,535 வரை நேரான எண்.

சேனல் வரிசை எண் என்கிறார்களே, அது எல்லா அமைப்புக்கும் தேவையா?

பி25-க்குத் தேவையில்லை. அதன் கன்ட்ரோல் சேனல், அடிப்படை அதிர்வெண் எது, சேனல் இடைவெளி எவ்வளவு என்பதையும் சேர்த்தே ஒலிபரப்புகிறது. ஸ்கேனர் கணக்குப் போட்டுக்கொள்ளும். கன்ட்ரோல் அதிர்வெண் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

எடாக்ஸ் அப்படி இல்லை. ‘மூன்றாம் சேனலுக்குப் போ’ என்றுதான் சொல்லும். மூன்றாம் சேனல் எந்த அதிர்வெண் என்று சொல்லாது. அதிர்வெண்களைச் சரியான இடத்தில் நீங்கள்தான் வைக்க வேண்டும். வரிசை பிசகினால், டாக்குரூப் பெயர் தீயணைப்பு என்று காட்டும், குரல் பேருந்து ஓட்டுநருடையதாக இருக்கும். எல்டிஆர், டிஎம்ஆர் டிரங்கிங், என்எக்ஸ்டிஎன் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே கதை.

வரிசை தெரியாவிட்டால் கண்டுபிடிக்கலாம். ஒரு ரிசீவரை, அல்லது கணினியோடு இணைத்த டாங்கிளை (யுஎஸ்பி ரேடியோ ரிசீவரை), கன்ட்ரோல் சேனலில் வைத்து ஒதுக்கீடுகளைப் பாருங்கள். இன்னொரு ஸ்கேனரை ஒரு குரல் அதிர்வெண்ணில் நிறுத்துங்கள். அதில் பேச்சு தொடங்கும் கணத்தில் எந்த எண் ஒதுக்கப்பட்டதென்று குறியுங்கள். மூன்று நான்கு முறை அதே எண் வந்தால் உறுதி. பத்துச் சேனல் அமைப்புக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் செய்வது நல்லது. பரபரப்பான நேரத்தில் இரண்டு ஒதுக்கீடு சேர்ந்து விழுந்து குழப்பும்.

மோட்டோரோலா டைப் 2 இடைப்பட்டது. 800 மெகாஹெர்ட்ஸில் அட்டவணை ஸ்கேனருக்குள்ளேயே இருக்கிறது. விஎச்எஃப், யுஎச்எஃப் அமைப்புகளுக்கு அடிப்படை அதிர்வெண், இடைவெளி, ஆஃப்செட் மூன்றையும் கையால் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2005-க்குப் பின் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மாற்றியமைத்தார்கள். பழைய ஸ்கேனர்களுக்கு அந்தப் புதிய அட்டவணை ஃபர்ம்வேர் மூலம் வந்தது. வராத மாடல்கள், கன்ட்ரோல் சேனலைப் படித்துவிட்டுத் தவறான இடத்துக்குத் தாவும்.

சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன. ஆனால் குரல் உடைகிறது, ரோபோ பேசுவதுபோல் இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் சைமல்காஸ்ட். அடிக்கடி வரும் கேள்வி இது, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான்.

அதிர்வெண்ணை மிச்சப்படுத்த, ஒரு நகரைச் சுற்றிய ஐந்தாறு கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில், ஜிபிஎஸ் கடிகாரத்தால் நேரம் பிசகாமல், ஒரே செய்தியை ஒரே சமயத்தில் அனுப்புகின்றன. கோபுரங்களிடம் நேரம் ஒன்றாக இருந்தாலும் உங்களிடம் வந்து சேரும் நேரம் ஒன்றாக இருக்காது. பி25 முதல் கட்டத்தில் நொடிக்கு 4800 குறியீடு. ஒரு குறியீட்டின் நீளம் சுமார் 208 மைக்ரோநொடி. ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். ஒரு கோபுரம் மற்றதைவிட 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், அதன் சிக்னல் 50 மைக்ரோநொடி பிந்தி வரும். கிட்டத்தட்டக் கால் குறியீடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வலிமையில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எந்தக் குறியீடு என்று ஸ்கேனருக்குத் தெரியாமல் போகிறது. வலிமை காட்டும் கோடுகள் நிரம்பித்தான் இருக்கும். சத்தமாக இரண்டு பேர் சேர்ந்து பேசினால் சத்தம் குறைவதில்லை, சொல்தான் புரிவதில்லை.

அதனால் பெருக்கியை மாட்டுவது, ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் ஏற்றுவது இரண்டும் நிலைமையை மோசமாக்கும்: இன்னும் பல கோபுரங்கள் காதில் விழும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஒரு கோபுரம் மட்டும் ஓங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்வது.

முதலில் ஸ்கேனரை நகர்த்திப் பாருங்கள். 855 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 35 செ.மீ. அரை மீட்டர் தள்ளி வைத்தாலே சில சமயம் சரியாகும். மேசையின் இந்த மூலையில் கேட்கும், அந்த மூலையில் கேட்காது. மாயமில்லை, இதுதான் காரணம். அடுத்து, சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். இரண்டு சிக்னலும் சேர்ந்துதான் குறையும் என்றாலும், பலவீனமானது இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டால் வலிமையானது மட்டும் மிஞ்சும். ஆன்டெனாவைத் தாழ்த்தி, வீட்டுச் சுவர் ஒரு பக்கத்தை மறைக்கும்படி வைப்பதும் இதே தத்துவம்.

நிலையான இடத்தில் கேட்பவர்களுக்கு, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் யாகி ஆன்டெனா நல்ல தீர்வு. வலிமையான கோபுரத்தை நோக்கித் திருப்புவது பாதி வேலைதான். தொல்லை தரும் கோபுரம் ஆன்டெனாவின் பின்பக்கத்திலோ பக்கவாட்டுக் குழியிலோ விழும்படி திருப்புங்கள். பத்துப் பதினைந்து டிகிரி விலகி நிற்கும்போதுதான் சில இடங்களில் பிழை குறைகிறது. கோடுகளைப் பார்க்காதீர்கள், பிழை எண்ணிக்கை காட்டும் ஸ்கேனரில் அந்த எண்ணைப் பாருங்கள்.

இதெல்லாம் ஒட்டுவேலை. உண்மையான தீர்வு ரிசீவரிலேயே இருக்கிறது. பழைய டிஜிட்டல் ஸ்கேனர்கள் எஃப்எம் டிஸ்கிரிமினேட்டர் வழியாக அதிர்வெண் மாற்றத்தை மட்டும் பார்க்கின்றன. சைமல்காஸ்டில் பெரும்பாலும் பயன்படும் எல்எஸ்எம் பண்பேற்றத்தில் அலையின் கட்டமும் (ஃபேஸ்) வீச்சும் சேர்ந்தே மாறுகின்றன. 2018-இல் வந்த யுனிடென் எஸ்டிஎஸ்100, பிறகு வந்த மேசை மாடல் எஸ்டிஎஸ்200 இரண்டும் அந்த இரண்டையும் அளக்கும் ரிசீவர் கொண்டவை. நகரத்து சைமல்காஸ்ட் அமைப்பைக் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இவற்றில் ஒன்று அல்லது கணினி வழி. மற்றவை மலிவாகக் கிடைத்தாலும் பிறகு வருந்த வைக்கும்.

குறிப்பிட்ட ஒரு டாக்குரூப் மட்டும் கேட்பதே இல்லை. எண் சரிதான்.

பல சைட் கொண்ட அமைப்பில் எல்லாப் பேச்சும் எல்லாக் கோபுரத்திலும் ஒலிப்பதில்லை. அந்த டாக்குரூப்பைத் தேர்ந்தெடுத்த ரேடியோ ஒன்றாவது ஒரு சைட்டில் பதிவாகியிருந்தால்தான் அந்தப் பேச்சு அங்கே வரும். வடக்கு மாவட்டக் காவலர்கள் எல்லோரும் வடக்கே இருந்தால், தெற்குக் கோபுரத்துக்கு அந்தக் குரலை அனுப்ப அமைப்புக்கு எந்த அவசியமும் இல்லை. உங்கள் ஸ்கேனர் எதையும் அனுப்புவதில்லை. அங்கே நீங்கள் காத்திருப்பது அமைப்புக்குத் தெரியாது. வழி ஒன்றுதான்: அந்தப் பகுதிக்குரிய சைட்டின் சிக்னலை நேரடியாகப் பிடிப்பது.

உரையாடலின் நடுவிலோ தொடக்கத்திலோ துண்டுகள் விடுபடுகின்றன.

ஸ்கேனருக்கு ரிசீவர் ஒன்றுதான். அது ஒரு குரல் சேனலில் இருக்கும்போது கன்ட்ரோல் சேனலைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் ஒதுக்கப்படும் மற்ற அழைப்புகளின் தொடக்கம் தெரியாமல் போகும். இது குறைபாடல்ல, அமைப்பின் இயல்பு.

குறைக்கச் சில வழிகள். கேட்கவேண்டிய டாக்குரூப்புகளை இருபதுக்குள் வைத்துத் தேடல் நிலையிலிருந்து ஸ்கேன் நிலைக்கு மாறுங்கள். பேச்சு முடிந்தபின் காத்திருக்கும் நேரத்தை 2 நொடியில் வையுங்கள். 0 என்றால் பதில் வருமுன் வேறெங்கோ போய்விடும், 5 என்றால் மற்றவை எல்லாம் விடுபடும். ஒரே சமயத்தில் நான்கைந்து அமைப்புகளை ஓடவிடாதீர்கள். ஒவ்வொன்றின் கன்ட்ரோல் சேனலையும் பிடித்துப் படிக்கவே நேரம் போய்விடும்.

என்கிரிப்ட் ஆனதைக் கேட்க ஏதாவது வழி?

இல்லை. ஏஇஎஸ்-256 போன்ற மறையாக்கத்தைத் திறக்கும் ஸ்கேனர் எங்கும் விற்பனையில் இல்லை. இருப்பதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முயற்சியே பல நாடுகளில் குற்றம். லாக்அவுட் செய்துவிட்டு நகருங்கள். பயனுள்ள விஷயம் ஒன்று: பல அமைப்புகளில் காவல்துறை மட்டும் மறைந்திருக்கும், தீயணைப்பும் பொதுப்பணியும் திறந்தே இருக்கும்.

பி25 இரண்டாம் கட்டக் குரல் அதிர்வெண்ணில் நேரடியாக நின்றால் ஏன் ஒன்றும் கேட்பதில்லை?

அந்தக் குரல் தரவு, அமைப்பின் அடையாள எண்களைக் கொண்டு கலைத்துப்போடப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் கன்ட்ரோல் சேனலிலிருந்து வருகின்றன. அதைப் படிக்காமல் குரல் சேனலில் மட்டும் நின்றால் ஸ்கேனருக்குச் சாவி இல்லை. இதை என்கிரிப்ஷன் என்று நினைத்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். டிரங்க் முறையில் கன்ட்ரோல் சேனல் வழியாக வந்தால் தெளிவாகக் கேட்கும்.

ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு முக்கியம்?

சைமல்காஸ்ட் இல்லாத இடத்தில் இதுவே முக்கால்வாசி. கால் அலை ஆன்டெனாவின் நீளம் செ.மீ.-இல் வேண்டுமானால் 7130-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 855-க்கு சுமார் 8.3 செ.மீ., 460-க்கு 15.5, 155-க்கு 46. பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்தது, ஒன்றுக்கும் பொருந்தாது.

கேபிளில் ஏமாறாதீர்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அருகே 10 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 5 டெசிபெல்லை விழுங்குகிறது: மாடியில் பிடித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே வரும். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 இழப்பது 1.3 டெசிபெல். டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம் என்றாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. கேபிள் இழப்பு 2 டெசிபெல் அளவில் நிற்கும். விலைக்கு அதைவிட நல்லது இல்லை.

ஸ்கேனர் வாங்காமல் யுஎஸ்பி டாங்கிளால் முடியுமா?

முடியும். கணினி கைவரும் என்றால் பல விஷயங்களில் அதுவே மேல். ஆர்டிஎல்2832யூ சிப் கொண்ட டாங்கிள் ஒரே நேரத்தில் நிலையாக 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்கும். அந்த அகலத்துக்குள் கன்ட்ரோல் சேனலும் குரல் சேனல்களும் அடங்கினால், எல்லா உரையாடலையும் ஒரே சமயத்தில் பிரித்துப் பதிவு செய்யலாம். ஸ்கேனர் எதுவும் இதைச் செய்யாது. அமைப்பு 851 முதல் 860 வரை பரந்திருந்தால் நான்கு டாங்கிள் வேண்டும். அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் பார்க்கும் ஏர்ஸ்பை ஆர்2 போன்ற ஒன்று.

மென்பொருளில் எஸ்டிஆர்டிரங்க் தொடங்குவதற்கு எளிது. குரலுக்கு ஜேஎம்பிஇ என்ற நூலகத்தைத் தனியாக உருவாக்கிச் சேர்க்க வேண்டும்; அதை மறந்துவிட்டு ‘எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை’ என்று கேட்பவர்கள் ஏராளம். பி25 சைமல்காஸ்ட் அமைப்பானால் டிகோடரை சி4எஃப்எம்-இலிருந்து எல்எஸ்எம்-க்கு மாற்றுங்கள். லினக்ஸ் பழக்கமென்றால் ஓபி25 ஒரே டாங்கிளை வைத்தும் கன்ட்ரோலுக்கும் குரலுக்கும் இடையே தாவிக் கேட்கும். நாள் முழுதும் பதிவு செய்ய டிரங்க் ரெக்கார்டர்.

இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று அதிர்வெண் பிழை. மலிவு டாங்கிளில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை பிசகு சாதாரணம். 855 மெகாஹெர்ட்ஸில் அது 43 கிலோஹெர்ட்ஸ். பக்கத்துச் சேனலையும் தாண்டிவிடும். வெப்பநிலை ஈடுசெய்யும் படிகம் உள்ள மாடலை வாங்கினால் 1 பிபிஎம் அளவில் நிற்கும். சாதாரணமானது என்றால் அரை மணி நேரம் சூடேறவிட்டுப் பிறகு திருத்தம் கொடுங்கள். இரண்டாவது கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு). தானியங்கியை அணைத்து, 30 டெசிபெல் அருகே தொடங்கி, பிழை குறையும்வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். திரையில் இல்லாத இடத்திலெல்லாம் போலிச் சிக்னல் முளைத்தால் அதிகமாகிவிட்டது, இறக்குங்கள்.

நேற்றுவரை கேட்டது, இன்று மௌனம். எங்கே தொடங்குவது?

புரோகிராமைத் தொடாதீர்கள். முதலில் கன்ட்ரோல் சேனல் அதிர்வெண்ணைச் சாதாரண எஃப்எம்-இல் போட்டுக் காதால் கேளுங்கள். இரைச்சல் வந்தால் சிக்னல் இருக்கிறது. அமைப்பு வகை மாறியிருக்கலாம். மோட்டோரோலா 3600 அமைப்புகள் பி25-க்கு மாறும்போது பல சமயம் அதே அதிர்வெண்ணே தொடர்கிறது, அதன் ஒலி மட்டும் மாறியிருக்கும். இரைச்சலே இல்லையென்றால் மாற்றுக் கன்ட்ரோல் அதிர்வெண்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எதிலும் இல்லையென்றால் ஆன்டெனா இணைப்பு. மழைக்குப் பிறகு என்றால் வெளி இணைப்பியில் தண்ணீர் இறங்கியிருக்கும். கன்ட்ரோல் சேனல் படிக்கிறது, டாக்குரூப் வருகிறது, குரல் மட்டும் இல்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்கோ என்கிரிப்ஷனுக்கோ மாறிவிட்டார்கள்; என்கிரிப்ஷன் என்றால் பெரும்பாலான டிஜிட்டல் ஸ்கேனர்களின் திரையே காட்டிக்கொடுக்கும்.